பதினோரு வாரமாகச் சாப்பிடாத பாம்பு

கேள்வி:

டாக்டர் ஐயா, எனக்குப் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். பெங்களூரில் வேலை பார்த்தபோது ஒரு பால் பைத்தான் (ball python) குட்டி வாங்கினேன், அயல்நாட்டு மலைப்பாம்பு வகை. பெண். இப்போது ஒன்றரை வயது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறைப்படி பதிவு செய்திருக்கிறேன். அங்கே பத்து நாளுக்கு ஒரு எலி என்று ஒருமுறைகூடத் தவறாமல் சாப்பிட்டது. ஐப்பசியில், வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஊருக்கு வந்துவிட்டேன். வந்ததிலிருந்து 11 வாரமாக எதையும் தொடவில்லை. அப்போது 640 கிராம், இப்போது 605. எங்களுடையது பழைய ஓட்டு வீடு. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று கண்ணாடித் தொட்டியை ரேழியில் வைத்திருக்கிறேன். ஈரம் தங்காமல் இருக்க அடியில் உமி பரப்பியிருக்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று ஹீட்டரை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். மூன்று நாளுக்கு ஒருதடவை எலியைக் காட்டிப் பார்க்கிறேன். தலையை உள்ளே இழுத்துச் சுருண்டுகொள்கிறது. அம்மா பயந்துபோய்த் திருநாகேசுவரத்தில் வேண்டிக்கொண்டு வந்து தினமும் ஒரு கிண்ணம் பால் வைக்கிறார்கள். சித்தப்பா மகன், "கிட்டியில் தினம் எலி விழுகிறது, அதைக் கொடு, இல்லாவிட்டால் வளையை வெட்டி உயிரோடு பிடித்துத் தருகிறேன்" என்கிறான். வாயைத் திறந்து ஊட்டும் வீடியோ ஒன்றையும் பார்த்தேன். எதைச் செய்யட்டும்? என் பாம்பு செத்துவிடுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் பாம்பின் உயிருக்கு இப்போது ஆபத்து இல்லை. 640-இல் 35 கிராம் போயிருக்கிறது, ஐந்தரை விழுக்காடு. 11 வாரத்துக்கு இது மிகச் சிறிய இழப்பு. ஒரு பசு இரண்டு நாள் தீவனத்தைத் தொடவில்லை என்றால் நான் இரவென்றும் பார்க்காமல் வண்டியை எடுப்பேன். பாம்பின் கணக்கு வேறு. பசுவும் நாமும் தின்பதில் பெரும்பகுதியை உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவே எரிக்கிறோம். பாம்புக்கு அந்தச் செலவு இல்லை. சூட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. அதனால்தான் ஒரு எலியில் பல நாள் ஓட்டுகிறது.

அதிலும் பால் பைத்தான் பட்டினி கிடப்பதில் பேர்போனது. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிக்காரப் பாம்பு அது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்துதான் உலகமெங்கும் போயிற்று. இனப்பெருக்கக் காலத்திலும் குளிர்ந்த மாதங்களிலும் வளர்ந்த பாம்புகள் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டு இருப்பது சாதாரணம். நீண்ட ஆயுள் கொண்ட பிராணியும்கூட. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்கியல் பூங்காவில் 60 வயதைக் கடந்த ஒரு பால் பைத்தான் 2020-இல் முட்டையிட்டது. அப்படிப்பட்ட ஒரு வாழ்நாளில் 11 வாரம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால், "பைத்தான் என்றால் அப்படித்தான்" என்று சொல்லி உங்களை அனுப்பிவிட எனக்கு மனமில்லை. ஒருமுறைகூடத் தவறாமல் சாப்பிட்ட குட்டி, வீடு மாறிய வாரத்திலிருந்து நிறுத்தியிருக்கிறது. அதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஹீட்டரைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

நம் ஊர் வெயில் சித்திரைக்கும் வைகாசிக்கும் சரி. நீங்கள் வந்தது ஐப்பசியில், அடைமழைக்குள். அப்புறம் கார்த்திகை, மார்கழி. ஓட்டு வீட்டு ரேழியில் மார்கழி விடியற்காலையில் வெறும் தரையில் கால் வைத்துப் பாருங்கள். 21, 22 டிகிரிக்கு இறங்கியிருக்கும். நமக்கு ஒரு போர்வை போதும். இந்தப் பாம்புக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி வேண்டும், மறுபக்கம் 25 முதல் 27 வேண்டும். இரண்டுக்கும் நடுவே நகர்ந்து நகர்ந்துதான் அது தன் உடம்பின் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. சூடான பக்கமே இல்லையென்றால் செரிமானம் நடக்காது. விழுங்கிய எலி வயிற்றுக்குள் செரிக்காமல் அழுகும். இரண்டு, மூன்று நாளில் நாற்றத்தோடு கக்கிவிடும். அப்படிக் கக்குவது பட்டினியைவிடப் பாம்பை அதிகம் வருத்தும். ஆக, உங்கள் பாம்பு அடம்பிடிக்கவில்லை. இந்தக் குளிரில் தின்றால் செரிக்காது என்று அதன் உடம்புக்குத் தெரிகிறது. நீங்கள் எத்தனை எலியைக் காட்டினாலும் அது தலையை இழுத்துக்கொள்ளத்தான் செய்யும்.

எனவே, முதல் வேலை இரையைப் பற்றியதே அல்ல. அந்த ஹீட்டரை, அதாவது அடியில் வைத்துச் சூடேற்றும் ஹீட் மேட்டை, பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். தொட்டிக்கு வெளியே, அடிப்பக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் வையுங்கள். சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்கவே வேண்டாம். மின்சாரம் ஏறி இறங்கும்போது மேட் தாறுமாறாகச் சூடேறி, பாம்பின் வயிறு வெந்துபோன கதைகள் உண்டு. வயிறு சுடுவதை உணர்ந்து உடனே விலகிப் போகும் புத்தி பாம்புக்குக் குறைவு. தெர்மோஸ்டாட்டை 32-இல் நிறுத்துங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட மீட்டர்களை நம்பாதீர்கள், அவை கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். ஒயரின் நுனியில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, பாம்பு படுக்கும் இடத்தில், தரைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். தை மாதப் பனி முடியும்வரை இரவில் எந்த மூலையும் 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அவ்வளவாகச் சூடாக்காது. ஆகவே அறை மிகவும் குளிர்ந்தால், வெளிச்சம் தராத செராமிக் வெப்ப பல்பு ஒன்றைப் பாம்பு தொட முடியாதபடி வலைக்கு மேலே மாட்டலாம். அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். இரவில் சிவப்பு பல்பு மட்டும் வேண்டாம். மின்வெட்டு நீண்டால் ரப்பர் பையில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றி, தொட்டியின் வெளிப்பக்கம் ஒட்டி வைத்தால் சில மணி நேரம் தாங்கும்.

அடுத்தது ரேழி. ரேழி எப்படிப்பட்ட இடம் என்று உங்களுக்கே தெரியும். தெருவிலிருந்து உள்ளே வருகிற அத்தனை பேரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். பால்காரர், தபால்காரர், அறுவடைக் கூலி வாங்க வருகிறவர்கள், பாம்பைப் பார்க்கவே வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். பாம்புக்கு நம்மைப் போன்ற காது கிடையாது. ஆனால் தரையின் அதிர்வைத் தாடை எலும்பு வழியாக உணரும். ஒவ்வொரு காலடியும் அதற்கு ஒரு மிரட்டல். சொந்த நாட்டில் அது பகலெல்லாம் எலி வளைக்குள்ளும் கரையான் புற்றுக்குள்ளும் ஒடுங்கிக் கிடக்கிற ஜீவன். நீங்கள் அதை நான்கு பக்கமும் கண்ணாடி உள்ள பெட்டியில், வாசலுக்கு நேராக வைத்திருக்கிறீர்கள். பயந்த பாம்பு வேட்டையாடாது. யாராவது தன்னைப் பிடித்துத் தின்றுவிடக் கூடாது என்பதிலேயே அதன் கவனமெல்லாம் இருக்கும்.

உள்ளறை ஒன்றுக்கு மாற்றுங்கள். பத்தாயம் இருக்கிற அறை, யாரும் அதிகம் போகாத மூலை என்றால் நல்லது. தொட்டியின் மூன்று பக்கங்களில் கனமான காகிதம் ஒட்டுங்கள். அப்புறம், கும்பகோணம் போகும்போது மண்சட்டி இரண்டு வாங்கி வாருங்கள். கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகைகளைவிட எனக்கு மண்சட்டிதான் பிடிக்கும். கவிழ்த்து வைத்து, விளிம்பில் பாம்பு நுழையும் அளவுக்கு ஒரு வாய் உடைத்து, உடைந்த ஓரத்தை உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துவிடுங்கள். பெரிய சட்டி வேண்டாம். பாம்பு சுருண்டு படுத்தால் முதுகும் பக்கமும் சட்டியில் உரச வேண்டும். அந்த நெருக்கம்தான் அதற்குத் தைரியம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால், ஒளிந்துகொள்வதா குளிர் காய்வதா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டிவரும். பெரும்பாலும் ஒளிந்துகொள்வதைத்தான் எடுக்கும்.

உமியை அள்ளி வெளியே கொட்டுங்கள். நெல் விளைகிற ஊரில் கைக்கு முதலில் கிடைப்பது அதுதான், புரிகிறது. ஆனால் உமியின் தூசு மூக்கில் ஏறும், சொரசொரப்பு வயிற்றுச் செதிலை உரசும், இரையோடு வாய்க்குள்ளும் போகும். தேங்காய் நார்க்கழிவுத் தூள் நம்மிடம் குறைவில்லாமல் கிடைக்கிறது. இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பைப் போக்கி, உலர்த்தி, இரண்டு அங்குலம் பரப்புங்கள். அதுவும் வேண்டாம் என்றால் செய்தித்தாள் போதும், அழகாக இராது, அவ்வளவுதான். ஈரப்பதம் 55 முதல் 65 விழுக்காடு இருந்தால் நல்லது. நம் மழைக்காலத்தில் அது கூடுமே தவிரக் குறையாது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் பாம்புக்கு நுரையீரல் சளி பிடிக்கும், வயிற்றுச் செதில் அழுகும். மூடியில் வலை இருக்கட்டும், படுக்கை நசநசவென்று இருக்க வேண்டாம்.

இன்னொன்று, அந்த அறையில் கொசுவர்த்தி, கொசு மருந்து திரவம், கற்பூரம், அந்துருண்டை எதுவும் கூடாது. கொசுவர்த்தியிலும் அந்தத் திரவத்திலும் இருக்கும் பூச்சிக்கொல்லி ஊர்வனவற்றின் நரம்பைத் தாக்கக்கூடியது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக் கூடத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். கொசுவுக்கு வலைதான்.

இதெல்லாம் செய்து முடித்த நாளிலிருந்து இரண்டு வாரம் ஒன்றுமே செய்யாதீர்கள். இதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கப் போகிறது. எலியைக் காட்டக் கூடாது. கையில் எடுக்கக் கூடாது. தண்ணீர் மாற்றவும் கழிவு இருந்தால் எடுக்கவும் மட்டும் தொட்டியைத் திறங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை முகத்துக்கு நேரே எலியை ஆட்டியதில், எலி என்றாலே தொந்தரவு என்று அதற்கு ஆகியிருக்கும். அந்தப் பயம் தணிய வேண்டும். வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரத்தில், துணிப்பையில் விட்டுச் சமையல் தராசில் எடை பாருங்கள். பையின் எடையைக் கழித்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த ஒரு தடவைதான் கை பட வேண்டும்.

இரண்டு வாரம் கழிந்ததும் முதல் இரை. வழக்கமாக அது தின்ற அளவு வேண்டாம். நீண்ட பட்டினியில் மலைப்பாம்புகளின் குடல் சுருங்கிவிடும். இரை உள்ளே போன பிறகுதான் ஓரிரு நாளில் மறுபடி பெருக்கும். பெரிய இரையை முதலில் கொடுத்தால் தாங்காமல் கக்கிவிட வாய்ப்பு அதிகம். 25, 30 கிராம் உள்ள ஒரு சுண்டெலி போதும். கூண்டில் வளர்த்து, உறையவைத்து விற்கிற எலிதான் வாங்க வேண்டும். முந்தின இரவே அதை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய பையில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு தெளியவிடுங்கள். மறுநாள் மாலை, பையோடு 40 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வையுங்கள். கை பொறுக்கும் சூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கொதிநீர் வேண்டாம், வெந்துவிடும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும். எடுத்து ஈரம் போகத் துடைத்து, தலைப்பக்கத்தை மட்டும் முடி உலர்த்தும் கருவியால் இன்னும் கொஞ்சம் சூடேற்றுங்கள். பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகக் குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டை அறியும் குழிகள் அவை. இருட்டில் எலியை அது கண்ணால் தேடுவதைவிட அந்தச் சூட்டால்தான் தேடுகிறது. ஆறிப்போன எலி அதற்கு ஒரு கல் மாதிரி. எலி மறுப்பு என்று என்னிடம் வருகிறவர்களில் பலர், எலியை ஃப்ரிட்ஜ் குளிர் மட்டும் போக்கிவிட்டுக் கொடுக்கிறார்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல், அறை விளக்கை அணைத்துவிட்டு, கூடத்து வெளிச்சம் லேசாக விழுகிற அளவில் போங்கள். ஓர் அடி நீள இடுக்கியால் எலியின் பிட்டத்துப் பக்கம் பிடித்து, சட்டியின் வாய்க்கு முன்னால் தரையோடு மெதுவாக நகர்த்துங்கள், எலி ஊர்ந்து போவதுபோல. முகத்தில் இடிக்காதீர்கள். நாக்கு வேகமாக வெளியே வந்து போனால், கழுத்து ஆங்கில "S" எழுத்துப் போல வளைந்தால், அது யோசிக்கிறது என்று அர்த்தம். அப்படியே அசையாமல் இருங்கள். தலையை உள்ளே இழுத்தால் நிறுத்திவிடுங்கள். எலியைச் சட்டி வாசலிலேயே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுங்கள். கூச்சமுள்ள பாம்புகள் யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள்வது உண்டு. நம் ஊரில் இப்படி வைத்தால் எறும்பு மொய்க்கும், அதை மறந்துவிடாதீர்கள். எறும்பு பாம்பையும் கடிக்கும். பாட்டி காலத்தில் பலகார அலமாரிக்குச் செய்வதுபோல, தொட்டியின் மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்திவிடுங்கள். காலையில் எலி அப்படியே இருந்தால் எடுத்துப் புதைத்துவிடுங்கள், மறுபடி உறையவைக்கக் கூடாது. அடுத்த முயற்சி பத்து நாள் கழித்துத்தான். கண் நீலம் பூத்துச் சட்டை உரிக்கத் தயாராகும் நாட்களில் முயல வேண்டாம், அப்போது பெரும்பாலான பாம்புகள் சாப்பாட்டை விரும்புவதில்லை.

எலியை அம்மாவின் சமையல் பாத்திரத்தில் நனைக்காதீர்கள். தனிக் கிண்ணம், தனி இடுக்கி. முடிந்தால் எலிக்கென்று சிறிய ஃப்ரிட்ஜ் ஒன்று. முடியாவிட்டால், மூடியுள்ள டப்பாவுக்குள் இன்னொரு மூடியுள்ள டப்பா. ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும். பாம்பைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டுக்கு வரும் சின்னக் குழந்தைகளைத் தொடவிட வேண்டாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். திருநாகேசுவரத்தில் ராகுவுக்குப் பாலபிஷேகம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றாத தெரு டெல்டாவில் எங்கே இருக்கிறது? அவர் வைக்கும் பாலில் இருப்பது பாசம். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பாம்பு பாலூட்டி இல்லை, பாலைச் செரிக்கும் வசதி அதன் வயிற்றில் இல்லை. தாகத்தால் வாடிய பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும். பாலைக் குடித்த பாம்பு என்று நாம் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் தண்ணீர் காட்டாமல் வாடவைத்த பாம்புகள்தான். குடித்தால் வயிற்றுப்போக்கு வரும், புரையேறி நுரையீரலுக்கும் போகலாம். முட்டையும் இந்தப் பாம்புக்கு உணவல்ல. அம்மாவிடம் பாலை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேறு ஒரு வேலையைக் கொடுங்கள். தினமும் காலையில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுவது இனி அவர் பொறுப்பு. பாம்பு சுருண்டு உட்காரும் அளவுக்குப் பெரிய, கவிழாத கனமான கிண்ணம். பட்டினி கிடக்கும் பாம்பைக் காப்பாற்றுவது அந்தத் தண்ணீர்தான். கோயிலுக்கு அவர் போகட்டும், அதில் பாம்புக்கு எந்தக் கெடுதலும் இல்லை.

சித்தப்பா மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ஆனால் அவருடைய எலி வேண்டாம். இது சம்பா அறுவடைக் காலம். வயல் எலிக்குக் கிட்டி மட்டுமா வைக்கிறார்கள்? ஒரு வயலில் கிட்டி என்றால், அடுத்த வயலில் துத்தநாக பாஸ்பைடு, அதற்கடுத்த வயலில் புரோமடியோலோன் கட்டி. மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. புரோமடியோலோன் தின்றது சில நாள் உயிரோடு திரிந்து, உள்ளுக்குள் ரத்தம் கசிந்துதான் சாகும். அந்த எலியைத் தின்ற ஆந்தையும் பூனையும் விஷமேறிச் சாகின்றன. கிட்டியில் விழுந்த எலி முந்தின நாள் எந்த வரப்பில் எதைத் தின்றது என்று யாரால் சொல்ல முடியும்? மருந்து இல்லாவிட்டாலும் குடற்புழு, உண்ணி, எலிக்காய்ச்சல் கிருமி எல்லாம் அதோடு வரும். எலிக்காய்ச்சல் உங்களுக்கும் அவருக்கும்தான் ஆபத்து.

உயிரோடு விடுவது அதைவிட மோசம். பசியில்லாத பாம்போடு எலியை அடைத்தால், இரண்டில் எது எதைத் தின்னும் என்று உறுதி இல்லை. முதுகுச் சதை எலும்பு தெரியும் அளவுக்குக் கடிக்கப்பட்ட ஒரு பைத்தானுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். இரவு முழுக்க அந்த எலி கடித்திருக்கிறது, பாம்பு திருப்பித் தாக்கவே இல்லை. எலியும் பயந்து கடிக்கிற ஒரு உயிர்தான், அதற்கும் அந்தச் சாவு வேண்டாம்.

வாயைத் திறந்து ஊட்டும் வீடியோவைப் பற்றி நீங்கள் கேட்காமல் இருந்திருந்தாலும் நானே சொல்லியிருப்பேன். வேலைக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஓர் இளைஞர் மெலிந்த பைத்தான் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய கண்ணீரைப் பார்த்து எனக்கும் பொறுக்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று, தாடையை விரித்து, ஒரு பிஞ்சு எலியை உள்ளே தள்ளினேன். அன்று இருவருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் கக்கியது, அந்த வாரமே செத்துப்போனது. அது இருந்த பெட்டியின் சூடு என்ன என்று நான் கேட்கவே இல்லை. அந்தக் குட்டியை நான் மறக்கவில்லை. இன்று யார் வந்தாலும், பாம்பைப் பார்ப்பதற்கு முன் தெர்மாமீட்டர் எண்ணைக் கேட்கிறேன். பாம்பின் பற்கள் ஊசிபோல மெல்லியவை, உணவுக்குழாய் காகிதம்போல. பழகாத கை உள்ளே போனால் கிழியும். குழாய் வழியே ஊட்ட வேண்டிய கட்டம் சில நோயாளிப் பாம்புகளுக்கு வருவது உண்மை. அதைப் பழகிய மருத்துவர்தான், முதலில் நீர்ச்சத்தை ஈடுசெய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். உங்கள் பாம்பு அந்தக் கட்டத்தின் பக்கத்தில்கூட இல்லை.

எப்போது பயப்பட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். எடை 576 கிராமுக்குக் கீழே இறங்கினால், அதாவது பத்து விழுக்காடு போனால், காத்திருக்க வேண்டாம். எடை குறையாவிட்டாலும், வாயைத் திறந்தபடி மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, கிர் என்று ஒலி, ஈறு சிவப்பு அல்லது வாயில் தயிர்க்கட்டிபோல வெள்ளை, தண்ணீர்க் கிண்ணத்தில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் மிதப்பது, தலையை வானம் பார்த்து முறுக்கிக்கொள்வது, தோலைக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நிற்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். புள்ளிகள் என்றால் அவை உண்ணிகள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை எடுத்துப் பாம்பின் மேல் தெளித்துவிடாதீர்கள், கொன்றுவிடும். தஞ்சைக்கு என்னிடம் வரலாம், அல்லது ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். துணிப்பையில் விட்டு, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்து, குளிர்சாதனம் இல்லாத வண்டியில் கொண்டு போங்கள். கழிவு கிடைத்தால் அதையும் ஒரு சிறு டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள், குடற்புழு சோதனைக்கு உதவும். பதிவுச் சான்றின் நகலும் கூடவே இருக்கட்டும்.

நீங்கள் பதிவு செய்திருப்பது எனக்கு மகிழ்ச்சி. 2022-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் அதற்கான விதிகளும் வந்த பிறகு, பால் பைத்தான் போன்ற அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். பலர் இன்னும் செய்யவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயலில் பிடித்த சாரைக்குட்டியை, மண்ணுளியை, மலைப்பாம்பை வீட்டில் வைத்துக்கொண்டு "சாப்பிட மாட்டேன் என்கிறது" என்று எனக்கு எழுதுகிறவர்கள் உண்டு. நம் மண்ணின் பாம்புகளை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அவை சாப்பிடாததற்கு மருந்தும் என்னிடம் இல்லை. வனத்துறையிடம் சொல்லுங்கள், உரிய இடத்தில் விட்டுவிடுவார்கள். என் தாத்தா நெற்குதிரின் அடியில் ஒரு சாரை இருந்தால் யாரையும் கம்பெடுக்க விடமாட்டார். அந்த வருஷம் விதைநெல்லுக்குக் காவல் இருக்கிறது என்பார்.

தம்பி, தை முடிவதற்குள் அந்த நோட்டில் நாலைந்து எடைகளாவது ஏறியிருக்கும். அவற்றையும், தொட்டியின் இரண்டு பக்கச் சூட்டையும் எழுதி அனுப்புங்கள். முதல் எலியை அது எடுத்த அன்று, உங்களுக்குச் சந்தோஷத்தில் எல்லாரையும் கூப்பிடத் தோன்றும். கூப்பிடாதீர்கள். போட்டோவும் வேண்டாம். அது முழுதாக விழுங்கி, தாடையை இரண்டு தடவை கொட்டாவிபோல விரித்துச் சரிசெய்து, சூடான சட்டிக்குள் போகும்வரை கதவுக்கு வெளியே நில்லுங்கள். அப்புறம் இரண்டு முழு நாள் கையில் எடுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் 32-இல் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.